காசிம் சேரும் ஆறு வருட விதியும்

எங்கள் நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் எவரும் தொடர்ந்து ஆறு வருடங்களுக்கு மேல் இருக்க முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று இப்போது யோசிக்கிறார்களாம். போன கிழமை ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பிள்ளையொன்று தொலைபேசியில் கேட்டாள்.

"மிஸ், நல்லாச் செய்ற ஆக்கள ஏன் நாமளே போகச் சொல்ற? இந்த விதி எப்படி வந்ததுண்டு இங்க ஒருத்தருக்கும் தெரியா."

தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. அன்று அந்த விதிக்குக் கை உயர்த்தியவர்களில் பாதிப் பேர் இன்று தொழிலில் இல்லை. தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதையும் அல்ல. எழுதித் தருகிறேன் என்றேன்.

எங்கள் நிலையம் புத்தளம் பக்கத்து முந்தலில் தென்னந்தோட்டம் ஒன்றுக்குள் இருக்கும் சின்னக் கட்டடம். இலாபத்துக்காக நடப்பதல்ல. இறால் பண்ணைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கியது. பண்ணைகளில் விடப்போகும் இறால் குஞ்சுகளில் வெள்ளைப்புள்ளி நோய்க்கிருமி இருக்கிறதா என்று சோதிப்போம். எந்தப் பகுதிக்காரர் எப்போது குஞ்சு விடலாம் என்று பருவந்தோறும் அறிவிப்போம். வெள்ளைப்புள்ளி வந்தால் ஒரு குளத்து இறால் முழுவதும் சில நாட்களில் செத்து மிதக்கும். அந்தக் குளத்தோடு அது நிற்பதுமில்லை. ஒருவர் வெளியே விடும் தண்ணீரைத்தான் அடுத்தவர் உள்ளே இழுக்கிறார். எல்லோருக்கும் ஒரே கால்வாய், கடலோடு சேரும் ஒரே உப்பங்கழி, எங்கள் பேச்சில் களப்பு. அதனால் ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவருடைய சோற்றையும் தொடும்.

நான் அங்கே சேர்ந்தது அப்போது ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த காசிம் சேர் சொன்ன ஒரு வார்த்தையால். மன்னாரிலிருந்து தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் துரத்தப்பட்டபோது வந்த குடும்பம் எங்களுடையது. புத்தளம் தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. நிலையத்தில் ஆள் எடுத்த நாளில் குழாயில் சொட்டு விடச் சொல்லிப் பார்த்தார்கள். "அந்தப் புள்ளைக்குக் கை நடுக்கமில்ல, எடுங்க" என்று சேர் சொன்னாராம். பிறகு கொழும்பில் பயிற்சி. சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினேன். திரும்பி வந்து அதே மேசையில் என் தலைமுடி நரைத்தது. பயிற்சியைப் பற்றி அவ்வளவு போதும்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

குஞ்சுகள் பொரிப்பகத்திலிருந்து ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளில் வரும். எந்தப் பையிலிருந்து எடுப்பது என்று கொண்டுவருபவர் தீர்மானிக்க விடமாட்டோம். பைகளை நாமே கலைத்து எடுப்போம். எடுத்த குஞ்சுகளை அரைத்து, அதிலிருந்து கிருமியின் மரபுப்பொருளைப் பிரித்து, இயந்திரத்தில் வைத்துப் பெருக்குவோம். கடைசியில் ஒளியூட்டிப் படமெடுத்துப் பார்க்கும்போது கிருமி இருந்தால் ஒரு கோடு தெரியும். இல்லாவிட்டால் இருட்டு. ஒவ்வொரு முறையும் கூடவே இரண்டு குழாய்கள் ஓடும். ஒன்றில் கிருமி உண்டென்று முன்பே தெரிந்த மாதிரிப்பொருள், மற்றதில் வெறும் சுத்தமான தண்ணீர். தண்ணீரில் கோடு தெரிந்தால் எங்கள் கையிலேயே அழுக்கு என்று அர்த்தம். அன்றைய வேலை முழுவதையும் கொட்டிவிட்டு மேசையைக் கழுவ வேண்டும். மாதிரியில் கோடு தெரிந்தால் இன்னொருவர் புதிதாக எடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டும். இரண்டு பேரும் கண்டால்தான் அது கோடு.

எங்கள் இயக்குநர் சிவமலர் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், போர்க்காலத்தில் குடும்பத்தோடு புத்தளம் வந்து நின்றுவிட்டவர். ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். அது தெரியாமல் அயலிலுள்ள பெண்கள் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வருவார்கள். அவர்களையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்புவார். சோதனை முடிவை மட்டும் அவர் கதிரையில் இருந்தபடி கேட்டதே இல்லை. எழுந்து நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்பார்.

"தண்ணி சுத்தமோ? மற்றது ஆர் பாத்தது? நீங்கள் நம்புறீங்களோ?"

முதலிரண்டுக்கும் பதில் சுலபம். மூன்றாவதுக்குப் பதில் சொல்லுமுன் ஒவ்வொரு முறையும் படத்தை இன்னொருதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஏனென்றால் நான் ஓம் என்று சொன்னபிறகு அவர் என்னை மறுபடி கேட்க மாட்டார். அந்தச் சுமையோடு வெளியே போய்ப் பண்ணைக்காரர்களின் முன்னால் நிற்பார்.

இனி காசிம் சேர். ஓய்வுபெற்ற பொறியியலாளர். இந்தக் கரையில் உள்ள மதகுகளில் பாதி அவர் படம் கீறிக் கொடுத்தவை. சொந்தமாகப் பண்ணை கிடையாது. யாரிடமும் ஒரு கிலோ இறால் இனாமாக வாங்கியதில்லை. களப்புத் தண்ணீரை நாக்கில் தொட்டு உப்பு எவ்வளவு என்று சொல்வார். எங்கள் கருவியும் அதையேதான் சொல்லும். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து ஆலோசனைக் குழுவின் தலைவர் அவர்தான். மற்ற ஆறு பேரில் நான்கு பேர் அவரோடு சேர்ந்து தொடக்கத்திலிருந்தே இருந்தவர்கள். குழு ஆலோசனைதான் சொல்லலாம், கட்டளையிட முடியாது. ஆனால் அவர்கள் சொன்னதை நிலையம் ஒருநாளும் தாண்டியதில்லை. கூட்டத்தில் சேர் முதலில் பேசுவார். தெளிவாக, காரணத்தோடு பேசுவார். பிறகு மற்றவர்கள் அவர் சொன்னதையே தங்கள் வார்த்தையில் சொல்வார்கள். தேநீர் வரும். கூட்டம் முடியும்.

போர் முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. வடக்கே பாதை திறந்து, வாங்குபவர்கள் கூடி, தொழில் உயர்ந்திருந்த காலம். மழை முடிந்து களப்பில் உப்பு சரியான அளவுக்கு வந்திருந்தது. களப்பின் தென்பகுதிப் பண்ணைகள் குளத்தை உழுது, சுண்ணாம்பு போட்டு, தண்ணீர் நிரப்பிக் காத்திருந்தன. அப்போது ஒரு பொரிப்பகத்திலிருந்து வந்த குஞ்சு மாதிரியில் எனக்கு ஒரு கோடு தெரிந்தது.

மெல்லிய கோடு. கண்ணாடியில் பட்ட மூச்சுக்காற்று மாதிரி. என்னோடு வேலை செய்த மற்றப் பெண் புதிதாகச் செய்தாள். அவளுக்கும் அதே மெல்லிய கோடு. தண்ணீர்க் குழாய் இருட்டு.

டொக்டர் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். மூன்றாவது கேள்விக்கு, "நம்புறன் டொக்டர்" என்றேன்.

மறுநாள் காலையில் குழு கூடியது. டொக்டர் படத்தைக் காட்டி, அந்தப் பொரிப்பகக் குஞ்சை நிறுத்தி, தென்பகுதியின் பருவத்தைப் பிற்போட வேண்டும் என்றார். சேர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதே மாதிரி மெல்லிய கோடு முந்தி ரெண்டு பருவத்தில வந்த. நிப்பாட்டினோம். ஒண்டும் வரல்ல. பிந்தி விட்டவங்க காத்துக்காலத்தில மாட்டி அழிஞ்சாங்க. அதையும் நாமதான் பார்த்த. இது நிழல், டொக்டர். நிழலுக்குப் பயந்து ஒரு பருவத்தக் கொல்ல ஏலா."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நானே அந்த இரண்டு பருவத்தையும் பார்த்தவள்.

குழுவில் அந்தோனி அண்ணன் என்று ஒரு பண்ணைக்காரர் இருந்தார். முந்தல் பக்கத்தவர், குழுவுக்கு வந்து அதிக காலமில்லை. சேர் பேசி முடித்ததும் அவர் கதிரையில் முன்னுக்கு நகர்ந்து வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். சேரின் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் பின்னுக்குச் சாய்ந்துகொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக, "சேர் சொல்றதுதான் சரி" என்றார்கள். தேநீர் வந்தது. பருவம் திறக்கப்பட்டது.

அடுத்து நடந்தது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். குஞ்சுகள் விரலளவு வளர்ந்த சமயம் ஒரு காலையில் அந்தோனி அண்ணன் என்னை அழைத்தார். நான் போய்ச் சேரும்போதே குளத்தின் மேல் பருந்துகள் வட்டமிட்டன. நீர்க்காகங்கள் வரம்பு முழுக்க வரிசையாக இருந்தன. பறவை கூடினால் பண்ணைக்காரனுக்குச் சோதனை தேவையில்லை. இறால்கள் ஆழத்தை விட்டுக் கரையோரமாக வந்து சோர்ந்து கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துத் தலையோட்டை உரித்து வெயிலில் பிடித்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"மதகத் திறக்காதீங்க அண்ணன். ஒரு சொட்டும் வெளிய போகப்படாது."

"பலகை போட்டுட்டன் மிஸ். ஆனா பக்கத்துப் பண்ணைக்காரன் முந்தாநாளே தண்ணி மாத்திட்டான்."

அவர் வரம்பில் குந்தினார். முகத்தைத் துடைத்தபடி தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குத் தெரியும் மிஸ். எண்ட மச்சான் அந்தப் பொரிப்பகத்தில வேல. கூட்டத்துக்கு முந்தின கிழம ஒரு தொட்டிக் குஞ்சு முழுசாச் செத்துக் கொட்டினாங்களாம். அப்பவே எனக்குச் சொன்னவன். சேர் நிழல் எண்டு சொன்ன பிறகு நானும் நம்பி விட்டன்."

கையிலிருந்த இறாலை வரம்பில் வைத்தேன். அந்த மெல்லிய கோட்டின் பக்கத்தில் இந்த ஒரு செய்தியை வைத்திருந்தால் காசிம் சேரே பருவத்தை நிறுத்தியிருப்பார். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அந்தப் பருவத்தில் தென்பகுதி முழுவதும் போனது. பண்ணையை மூடிவிட்டுக் கட்டாருக்குப் போனவர்கள் உண்டு. மனைவியின் நகை போனவர்கள் உண்டு. ஆனால் எவரும் காசிம் சேரைக் குறைசொல்லவில்லை. "அவருக்கே தெரியல்லண்டா வேற யாருக்குத் தெரியும்?" என்றுதான் சொன்னார்கள். டொக்டரைப் பயமுறுத்தியது அந்தப் பேச்சுத்தான் என்று நினைக்கிறேன். ஒருநாள் ஆய்வுகூடத்துக்கு வந்து நின்றபடியே சொன்னார்.

"பரீனா, அவர் பிழைவிட்டது பெரிசில்லை. ஆரும் பிழைவிடலாம். ஆனா ஏழு பேரை இருத்திப்போட்டு நாங்கள் ஒரு ஆளின்ர புத்தியைத்தான் கேட்டிருக்கிறம். இத்தனை வருசமா."

அதற்குப் பிறகுதான் விதி எழுதப்பட்டது. ஒரு தவணை மூன்று வருடம். தொடர்ந்து இரண்டு தவணைதான். பிறகு ஒரு தவணை வெளியே இருந்துவிட்டு விரும்பினால் திரும்பி வரலாம். தொடக்கத்திலிருந்தே கணக்கு. அதாவது விதி நிறைவேறிய அன்றைக்கே சேர் உட்பட ஐந்து பேர் போக வேண்டும்.

அந்தக் கிழமைகளைப் போல நான் வேறெப்போதும் கஷ்டப்பட்டதில்லை. விதியைப் பண்ணைக்காரர்களின் பொதுக்கூட்டம் ஏற்க வேண்டும். அதில் ஊழியர் சார்பாக ஒரு வாக்கு உண்டு. அது என்னுடையது. இரகசிய வாக்கு அல்ல, கை உயர்த்துவது. கதை ஊருக்குள் வேறு உருவத்தில் பரவியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி நம்முடைய ஆளை வெளியே போடுகிறாள் என்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வருபவர்கள் பேசிக்கொண்டார்கள். கூடப்பிறந்த மூத்தவரான என் நானாவுக்குத் தில்லையடியில் பலசரக்குக் கடை. ஒரு பின்னேரம் பாண் வாங்கப்போன என்னை உள்ளே கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீ அந்தப் பக்கம் கை தூக்கப் போறியாமே?"

"இன்னும் முடிவெடுக்கல்ல நானா."

"அந்த மனிசன் இல்லாட்டி உனக்கு அந்த வேலயே இல்ல. அதோட அவ வெளியூராள்."

"நாமளும் வெளியூர் ஆக்கள்தானே நானா. மறந்துட்டீங்களா?"

அவர் சட்டென்று வாசலைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும். கடைக்கு வாறவங்களுக்குத் தெரியணுமே."

கூட்டத்துக்கு முதல்நாள் சேரே ஆய்வுகூடத்துக்கு வந்தார். எப்போதும்போல வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போடும் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த ஒழுங்கை ஒருநாளும் மீறாதவர். மற்றப் பெண் தேநீர் போடுவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள். அவர் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மகள், உனக்கு நான் என்ன குறை வச்ச?"

"ஒரு குறையும் இல்ல சேர்."

"காசு திண்டேனா? எண்ட ஆக்களச் சேர்த்தேனா?"

"அல்லாஹ்வுக்காக அப்படிச் சொல்லாதீங்க சேர்."

"அப்ப என்னத்துக்கு என்ன அனுப்புற?"

என் கை நடுங்கியது. நடுக்கமில்லாத கை என்று அவர்தான் சொல்லியிருந்தார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சேர், அண்டைக்கு அந்தக் கோட்ட நான் கண்ணாலக் கண்ட. டொக்டர்ட்ட நம்புறண்டு சொன்ன. நீங்க நிழல் எண்டு சொன்ன பிறகு திரும்ப அந்தப் படத்த எடுத்துப் பார்த்த. எனக்குக் கோடே தெரியல்ல. படம் மாறல்ல சேர். எண்ட கண்தான் மாறின."

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"அது எண்ட பிழையா?"

"இல்ல சேர். பிழையா இருந்தா உங்களுக்கிட்டயே சொல்லித் திருத்தியிருப்பம். உங்கள்ள எங்களுக்கு இருக்கிற மரியாதய என்ன செஞ்சு திருத்துற?"

தேநீர் வந்தது. அவர் குடிக்கவில்லை. செருப்பை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

பொதுக்கூட்டம் சனிக்கிழமை. வெள்ளியில் ஜும்ஆ, ஞாயிறில் பூசை என்பதால் எங்களுக்கு எல்லாமே சனிதான். மண்டபம் நிரம்பி, எலுவன்குளம் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்து யன்னலோரம் நின்றார்கள். அவர்களில் சிலருக்குப் பண்ணையே கிடையாது. சேருக்காக வந்தவர்கள். டொக்டர் விதியை வாசித்து முடிக்கும் முன்பே பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஆள மாத்துறண்டா உங்கள மாத்துவம்!"

டொக்டர் கடதாசியை மடித்தார். "ஓம், அதுக்கும் ஒரு விதி கொண்டு வாங்கோ. நானே முதல் கையைத் தூக்குறன்" என்றார். குரல் தடுமாறவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததை நான் கவனித்தேன்.

பிறகு காசிம் சேர் எழுந்தார். மண்டபம் அடங்கியது.

"அனுபவத்துக்குத் தவணை வைக்கிறாங்க. இந்தக் களப்பில தண்ணி எந்த மாசம் எந்தப் பக்கம் ஓடுதுண்டு படிக்கவே ஆறு வருசம் போகும். படிச்சு முடிச்ச அண்டைக்கு வீட்ட அனுப்புவீங்க. அடுத்தவர் முதலில இருந்து படிப்பார். அவர் படிக்கிற செலவு உங்கட குளத்தில போகும். யோசிச்சுக்கோங்க."

கைதட்டல் ஓயவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மனமும் அவர் பக்கம்தான் சாய்ந்தது. அதற்குச் சரியான பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

கைதட்டலுக்கிடையில் அந்தோனி அண்ணன் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உட்காரவில்லை. மச்சான் சொன்னதை, தொட்டி கொட்டப்பட்டதை, கூட்டத்துக்கு முன்பே தனக்குத் தெரிந்திருந்ததை எல்லார் முன்னிலையிலும் சொன்னார். தன் பண்ணையோடு சேர்ந்து அழிந்த பண்ணைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அடி விழும் என்றே நினைத்தேன்.

சேர் கையை நீட்டி அவரைத் தடுத்தார். பிறகு அந்தோனி அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார்.

"இத ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?"

"நீங்க சொல்லி முடிச்சிட்டீங்க சேர்."

சேர் நீட்டிய கையை மெல்ல இறக்கினார். வயதான ஒரு மனிதர் தன் வாழ்நாள் வேலையை வேறொரு பக்கத்திலிருந்து முதல் தடவையாகப் பார்ப்பதை நான் அன்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவருடைய குரல் மறுபடி கேட்டது.

"டொக்டர், அதில ஒரு வசனம் சேருங்க. குழுவில தலைவர் கடைசியாத்தான் கதைக்கணும். யார் தலைவரா இருந்தாலும்."

டொக்டர் எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்தார். சேர் தலையசைத்தார்.

வாக்கெடுப்பு. ஆதரவாக முதலில் உயர்ந்தது அந்தோனி அண்ணனின் கை. பிறகு அங்கொன்று இங்கொன்றாக. நான் கையை உயர்த்தியபோது யன்னலோரத்தில் நின்ற நானாவின் முகம் தெரிந்தது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எதிராகக் கேட்டபோது காசிம் சேரின் கை எல்லாருக்கும் முன்னால், நேராக உயர்ந்தது. தானே திருத்திக் கொடுத்த விதிக்கு எதிராகத்தான் அவர் வாக்களித்தார். மிகச் சின்ன வித்தியாசத்தில் விதி நிறைவேறியது. சேர் எழுந்து, பக்கத்திலிருந்தவர்களுக்கு ஸலாம் சொல்லி, டொக்டரைப் பார்க்காமல் வெளியே போனார்.

அந்த ஒரு கைக்காக நானா ஒரு நோன்பு மாதம் முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. பெருநாளன்று பிள்ளைகளை அனுப்பிச் சாப்பிடக் கூப்பிட்டார். அத்தோடு அது முடிந்தது.

புதிய குழுவின் முதல் கூட்டம் பரிதாபமாக இருந்தது. தலைவர் கடைசியில்தான் பேசலாம். மற்றவர்களுக்கு முதலில் பேசிப் பழக்கமில்லை. எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு ஒருவர் தவறாக ஏதோ சொன்னார். இன்னொருவர் அதை மறுத்தார். பகல் சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை நடந்தது. டொக்டர் அறைக்குள் வந்து, "தலை இடிக்குது பரீனா" என்று கதிரையில் சாய்ந்தார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். புதியவர்கள் பிழைகளும் விட்டார்கள். ஒரு பருவத்தைத் தேவையில்லாமல் பிற்போட்டு ஆட்களிடம் ஏச்சு வாங்கினார்கள். சேர் சொன்ன படிப்புச் செலவு அதுதான். விதி எல்லாவற்றையும் சரியாக்கிவிட்டது என்று நான் சொல்லவே மாட்டேன்.

சேர் ஒரு தவணை வெளியே இருந்தார். திரும்பி வரும்படி டொக்டர் நேரில் போய்க் கேட்டார். அவர் தேநீர் கொடுத்து உபசரித்து, முடியாது என்று அனுப்பிவிட்டார். ஆனால் அடுத்த பருவம் திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். களப்பைப் போய்ப் பார்த்தாராம். தண்ணீரின் நிறம் சரியில்லையாம், கொஞ்சம் பொறுப்பது நல்லதாம்.

"இதக் கூட்டத்தில சொல்லு மகள். ஆனா எல்லாரும் கதச்சு முடிஞ்ச பிறகு சொல்லு. அதுக்கு முந்தி வாய திறக்காத."

டொக்டர் சம்மதித்தார். அன்று முதல் ஒவ்வொரு பருவத்திலும் இது நடந்தது. சேர் சொல்வார், நான் மனதில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் மூலையில் இருப்பேன். எல்லோரும் பேசி முடிந்ததும் சொல்வேன். சில தடவை ஏற்றார்கள். சில தடவை ஏற்கவில்லை. இரண்டையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

கடைசியாக நடந்தது சேர் நோயில் படுப்பதற்கு முந்திய பருவத்தில். உப்பு இறங்குகிறது, வடபகுதியை முதலில் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கூட்டம் முடிந்து பின்னேரம் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சொன்னியா?"

"சொல்லத் தேவப்படல்ல சேர். குழுவில புதுசா வந்த ஒரு ஆள் அதையேதான் சொன்ன. அதே காரணத்தோட. எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க."

"யாரு?"

"நீங்க அறியமாட்டீங்க சேர். முந்தல்ல ஒரு பொம்புளப் புள்ள. வாப்பாட பண்ணையக் கையில எடுத்து ரெண்டு பருவம்தான் ஆகுது."

மறுபக்கம் அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப நானும் சொன்னண்டு அவங்களுக்கிட்டச் சொல்லாத" என்றார். "அந்தப் புள்ளட சொல்லாவே இருக்கட்டும்."